திரை காட்டாத ஆழம்

கணினியின் ஆணைப்படி மரம் செதுக்கும் சிஎன்சி இயந்திரத்தைப் பழகத் தொடங்கும் பலருக்கு முதல் வேலை வீட்டுக்கு ஒரு பெயர்ப்பலகை. ‘வெற்றி இல்லம்’ என்று தட்டுகிறார்கள். தமிழ் எழுத்துகளைக் கோக்கத் தெரியாத மென்பொருளாக இருந்தால் ஒற்றைக்கொம்பு வகரத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். தமிழ் படிக்கத் தெரிந்த யாருக்கும் அந்தப் பிழை உடனே கண்ணில் பட்டுவிடும். எழுத்தை இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் அடித்து, ‘ஆப்ஜெக்ட் டு பாத்’ கட்டளையால் வெறும் கோடுகளாக மாற்றி, எஸ்விஜி ஃபைலாகக் கொண்டுவந்தால் சிக்கல் தீர்ந்தது. திரையில் தெரிகிற பிழைக்கு எப்போதும் இப்படி ஏதாவது வழி இருக்கிறது. புதியவர்களின் பலகைகளைக் கெடுப்பவை திரையில் தெரியாத பிழைகள்.

அந்த எஸ்விஜி ஃபைலையே எடுத்துக்கொள்ளலாம். 2017இல் வந்த 0.92 பதிப்பில் இங்க்ஸ்கேப் ஓர் அங்குலத்துக்கு 90 புள்ளிகள் என்ற கணக்கைக் கைவிட்டு 96க்கு மாறியது. பழைய கணக்கில் 100 மி.மீ. அகலத்துக்கு வரைந்ததைப் புதிய கணக்கில் படித்தால் 93.75 மி.மீ. ஆகிவிடும். படத்தில் ஒரு குறையும் தெரியாது. பலகையை வெட்டி முடித்து, சட்டத்துக்குள் பொருத்தும்போதுதான் இடைவெளி பல்லைக் காட்டும். வடிவத்தைக் கொண்டுவந்தவுடன் அதன் அகலத்தை எண்ணில் பார்த்துவிடும் பழக்கம் ஒன்று போதும், இந்த நஷ்டத்தைத் தவிர்க்க.

இந்த இயந்திரம் வீட்டு மேசைக்கு வந்து அதிகக் காலம் ஆகவில்லை. அமெரிக்காவின் எம்ஐடி 1952இல் செய்து காட்டிய எண்கட்டுப்பாட்டு மில்லிங் இயந்திரம் விமானப்படையின் தேவைக்காக உருவானது. துளையிட்ட காகித நாடாதான் அதற்கு ஆணைகளைக் கொண்டுபோனது. 2009இல் நார்வேயின் சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ரூட் எழுதிய ஜிஆர்பிஎல் என்ற கட்டுப்பாட்டு நிரல், 32 கிலோபைட் நினைவகம் மட்டுமே கொண்ட ஆர்டுயினோ மின்னணுப் பலகைக்குள் அடங்கி, மூன்று அச்சுகளையும் ஓட்டியது. இன்று பரவலாக விற்கும் ‘3018’ வகைக் குட்டி இயந்திரங்கள் பெரும்பாலும் அதன் வழிவந்தவை. பெயரிலேயே அளவு இருக்கிறது: 300 மி.மீ. நீளம், 180 மி.மீ. அகலம். ஈசல் போன்ற மென்பொருள்கள் உலாவியிலேயே ஓடும். மரம் எது, வெட்டும் பிட் எது என்று சொன்னால் வேகத்தைத் தாமே முன்மொழியும்.

இந்த எளிமையைக் குறைத்துப் பேசுவது நியாயமாகாது. வி-கார்விங்கைப் பாருங்கள். கூம்பு முனை கொண்ட பிட், எழுத்தின் கோடு அகலமாகும் இடத்தில் கீழே இறங்குகிறது, குறுகும் இடத்தில் மேலே ஏறுகிறது. அதனால் மூலைகள் கூர்மையாக முடிகின்றன. உருளைப் பிட் எவ்வளவு முயன்றாலும் உள்மூலையில் தன் ஆரத்தின் அளவுக்கு வளைவை விட்டே தீரும். உளி பிடித்துப் பல காலம் பழகியவரின் கையில் மட்டும் அமைந்த அந்தக் கூர்முனையை, ஒரு வாரம் பழகியவரின் பலகையில் காண முடிவது பெரிய விஷயம்தான்.

ஆனால் ஆழத்தைக் கணக்கிடுவது மென்பொருள். 90 பாகைப் பிட்டில் 10 மி.மீ. அகலக் கோடு 5 மி.மீ. ஆழம் போகும். 60 பாகைப் பிட்டில் அதே கோடு 8.66 மி.மீ. வரை இறங்கும். எழுத்தைப் பெரிதாக்கிக் கோட்டை 16 மி.மீ. ஆக்கினால் ஆழம் 13.86 மி.மீ. 12 மி.மீ. பிளைவுட்டில் அது அடிமேசையையும் கிழிக்கும். தடிமனைச் சரியாகக் கொடுத்து, அதிகபட்ச ஆழத்துக்கு வரம்பு வைத்தவருக்கு இந்த ஆபத்து இல்லை. எண்ணை மாற்றாமல் விட்டவருக்கு மென்பொருள் பெரும்பாலும் எச்சரிக்கைகூடத் தருவதில்லை.

புகைப்படத்தைப் புடைப்புச் சிற்பமாக்கும் வசதிதான் இவற்றிலேயே மிகவும் ஏமாற்றக்கூடியது. வெளிச்சமான இடம் மேடு, இருண்ட இடம் பள்ளம் என்று மட்டுமே அதற்குத் தெரியும். தாத்தாவின் படத்தைக் கொடுத்தால் கறுப்பு மீசை குழியாகும், நெற்றியில் விழுந்த வெளிச்சம் கொம்புபோல் எழும், வெள்ளை வேட்டி முகத்தைவிட முன்னால் வந்து நிற்கும். நிறமும் உயரமும் வேறு வேறு என்பது சிற்பம் பழகும் சிறுவனுக்கும் தெரியும். ஒளிபுகும் மெல்லிய தகட்டில் செதுக்கிப் பின்னால் விளக்கு வைப்பதற்கு மேடு பள்ளத்தைத் தலைகீழாக மாற்றினால் இந்த முறை நன்றாகவே பொருந்தும். மரத்தில் சாமி படம் வேண்டுமென்றால் முப்பரிமாணத்தில் வடித்த மாதிரியே வேண்டும்.

அப்படி ஒரு நல்ல மாதிரி கிடைத்த பிறகும் பலர் நேரத்தை விரயமாக்குகிறார்கள். பிட் ஒரு வரி ஓடி, பக்கத்து வரிக்கு நகரும் தூரம் ஸ்டெப்ஓவர். 300 மி.மீ. சதுரப் பலகையில் 3 மி.மீ. உருண்டை முனைப் பிட்டை 0.3 மி.மீ. ஸ்டெப்ஓவரில் ஓட்டினால் ஆயிரம் வரிகள், மொத்தம் 300 மீட்டர் பயணம். நிமிடத்துக்கு 1500 மி.மீ. வேகத்தில் மூன்று மணி இருபது நிமிடம் ஆகும். வரிகளுக்கு நடுவே மிஞ்சும் முகட்டின் உயரம் 0.0075 மி.மீ. மட்டுமே. இன்னும் வழவழப்பு வேண்டும் என்று ஸ்டெப்ஓவரைப் பாதியாக்கினால் முகடு நான்கில் ஒரு பங்காகும், நேரமோ இரட்டிப்பாகும். தேக்கின் நுண்துளைகளே அந்த முகட்டைவிடப் பல மடங்கு பெரியவை. கூடுதலாக ஓடிய மூன்று மணி நேரத்தின் பலனைக் கண்ணாலும் காண முடியாது, விரலாலும் உணர முடியாது. உப்புத்தாள் சில நிமிடங்களில் முடித்துவிடும் வேலை அது.

வேகத்தைப் பற்றிய பயமும் இதே வகை. பிட் உடைந்துவிடுமோ என்று அது மரத்தில் நகரும் வேகமான ஃபீடை மட்டும் குறைப்பார்கள், சுழற்சியைக் குறைக்க மாட்டார்கள். சுழற்சி, பிட்டின் வெட்டு விளிம்புகள், ஒரு விளிம்பு ஒரு சுற்றில் சீவ வேண்டிய தடிமன் ஆகிய மூன்றின் பெருக்கல்தான் ஃபீட். நிமிடத்துக்கு 10,000 சுற்று, இரண்டு விளிம்பு, 0.03 மி.மீ. சீவல் என்றால் 600 மி.மீ. அதை 150க்கு இறக்கினால் பிட் வெட்டாமல் உரசும். உரசினால் சூடேறும், மரம் கருகும், முனை மழுங்கும். குட்டி இயந்திரத்தால் 600ஐத் தாங்க முடியவில்லை என்றால் பிட் ஒருமுறை ஓடும்போது இறங்கும் ஆழத்தைக் குறைப்பதே சரியான வழி. கீழே விழுவது சீவலா மாவா என்று பார்த்தாலே போதும், ஃபீட் சரிதானா என்பது தெரிந்துவிடும். மரநாரை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகை மட்டும் விதிவிலக்கு, அது எப்படி வெட்டினாலும் மாவுதான். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூசியை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. ஆகவே படுக்கையறை மூலையில் இந்த இயந்திரத்தை ஓட்டுவதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தூசி உறிஞ்சியின் விலையையும் சேர்த்துத்தான் இயந்திரத்தின் விலையைக் கணக்கிட வேண்டும்.

திரையில் ஓடும் முன்னோட்டத்துக்கு இன்னொரு குருட்டுத்தன்மையும் உண்டு. இந்த வகை இயந்திரங்களில் ஸ்டெப்பர் மோட்டாருக்கு ஆணை போகும், அது உண்மையில் நகர்ந்ததா என்ற பதில் திரும்பி வராது. பலகையைப் பிடித்திருக்கும் கிளாம்பில் பிட் முட்டி நான்கு மி.மீ. பின்தங்கினாலும் கட்டுப்பாட்டுப் பலகை எல்லாம் சரி என்றே நம்பி மிச்ச வேலையை நான்கு மி.மீ. தள்ளிச் செதுக்கும். கிளாம்ப் எங்கே இருக்கிறது என்பதும் பெரும்பாலான எளிய மென்பொருள்களுக்குத் தெரியாது. ஆழத்தின் தொடக்கப் புள்ளியான ஜீரோவைப் பலகைக்கு 20 மி.மீ. மேலே வைத்து ஒருமுறை காற்றில் முழுப் பாதையையும் ஓட்டிப் பார்ப்பவர்கள் இந்த விபத்துகளில் பெரும்பாலானவற்றிலிருந்து தப்பிவிடுகிறார்கள்.

மென்பொருளின் ஆயுளும் கவலைக்குரியதே. மரச்செதுக்கில் உலகெங்கும் புழங்கிய ஆர்ட்கேமை ஆட்டோடெஸ்க் நிறுவனம் 2018இல் நிறுத்தியது. அதன் நிரல் பிறகு கார்வ்கோ என்ற பெயரில் தொடர்ந்தது. 2020 அக்டோபரில் அதே ஆட்டோடெஸ்க்கின் ஃப்யூஷன் 360இன் இலவச உரிமத்தில், பிட் மரத்தைத் தொடாமல் விரையும் நகர்வுகளும் வெட்டும் வேகத்துக்கே இறக்கப்பட்டன. நிறுவனங்களுக்கு அந்த உரிமை உண்டு. பல ஆண்டு வரைந்த டிசைன்களை ஒரே மென்பொருளின் சொந்த வடிவத்தில் மட்டும் வைத்திருந்தவர்தான் தவித்துப்போவார். எஸ்விஜி, டிஎக்ஸ்எஃப், எஸ்டிஎல் வடிவங்களில் ஒரு பிரதி இருந்தால் வேறு எதற்கும் மாறிக்கொள்ளலாம். 2024 நவம்பரில் 1.0 பதிப்பை எட்டிய ஃப்ரீகேட் கட்டணமில்லாதது, பிட் ஓட வேண்டிய பாதையான டூல்பாத்தும் போடும். பழகுவது கடினம்தான், ஆனால் அந்த உழைப்பு யார் கொள்கை மாறினாலும் வீண்போகாது.

தமிழ்நாட்டில் இன்று கதவுக் கடைகளில் வரிசையாக நிற்கும் கஜலட்சுமிகள் பலவும் ஒரே முகத்தோடு இருக்கக் காரணம், ஒரே ஃபைல் ஊர் ஊராகக் கைமாறுவதுதான். பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே சிற்பிகள் கையால் செதுக்க, ஒரே மரத்துண்டிலிருந்து முழு உருவமும் எழுகிறது. மூன்று அச்சு இயந்திரத்தின் பிட் மேலிருந்து மட்டுமே இறங்கும். துதிக்கையின் பின்புறத்தையோ, தூக்கிய கையின் அடியையோ அதனால் தொட முடியாது. சிற்பியின் உளி எந்தப் பக்கத்திலிருந்தும் நுழையும்.

பொழுதுபோக்காகச் செதுக்குபவர்கள் இயந்திரம், உளி இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம். இமைக்கும் விழிக்கும் நடுவே 3 மி.மீ. உருண்டைப் பிட் ஒரு மழுங்கலை விட்டுச்செல்லும். அதை நீக்க 1 மி.மீ. பிட்டை 0.1 மி.மீ. ஸ்டெப்ஓவரில் அதே 300 மி.மீ. சதுரப் பலகை முழுக்க ஓட்டினால், நிமிடத்துக்கு 1500 மி.மீ. வேகத்தில் பத்து மணி நேரம் ஆகும். மெல்லிய உளி ஒன்றை எடுத்து, மரத்தின் ரேகை போகும் பக்கம் பார்த்து, இரண்டு இமைகளையும் கையால் தீட்டிவிட்டால் அன்று மாலையே பலகைக்கு எண்ணெய் பூசலாம்.