வளரவிடாத செவிலி

ஜப்பான் நாட்டுக் காவல்துறைக்கு அடிகோலியவர் ஒரு சாமுராய். பரம்பரை வாள்வீரர் குலத்தின் கீழ்ப்படியில் 1834இல் பிறந்த கவாஜி தோஷியோஷி, 1872இல் ஐரோப்பா சென்று பிரெஞ்சு முறையைக் கற்றுத் திரும்பினார். 1874இல் டோக்கியோ மாநகரக் காவல்துறை எழுந்தது. அவருடைய உரைகளைத் தொகுத்த நூல் 'கெய்சாட்சு ஷுகன்'. அந்நாட்டுக் காவலர்க்கு மறைநூல் போல் விளங்கிய அதனைப் பற்றியே நாம் இங்குப் பேசுகிறோம்.

பாராட்ட வேண்டியதை முதலில் பாராட்டிவிடுவோம். தம்மை ஆளாக்கிய சைகோ தகமோரி 1877இல் அரசை எதிர்த்து வாளெடுத்தபோது, கவாஜி காவற்படையோடு எதிர்ப்புறம் நின்றார். பிறந்த மண்ணும் நன்றிக்கடனும் அவரைத் தடுக்கவில்லை. தன் சாதிக்காரன் என்றதும் வழக்கையே மறந்துவிடும் அதிகாரிகளைக் கண்ட நாம், இதனை எளிதில் கடந்துவிட முடியாது.

ஆனால், நூலின் உயிர்க்கருத்து என்ன? அரசு பெற்றோராம், மக்கள் குழந்தைகளாம், காவலர் செவிலியராம்! நம் அகப்பாடல்களிலும் செவிலி வருகிறாள். அவள் வளர்த்த மகள் வளர்கிறாள்; தன் துணையைத் தானே தேர்ந்து, செவிலியைக் கேளாமலே பாலை வழி நடக்கிறாள். கவாஜி காட்டும் செவிலியோ பிள்ளையை வளரவே விடாதவள்.

அங்கே வாள் பிடித்த கை சீருடைக்குள் நுழைந்தது. இங்கே? மதுரை, நெல்லைச் சீமைகளில் ஊர்க்காவல் கள்ளர், மறவர் கையில் இருந்தது. அது பொற்காலமன்று; களவுபோன மாட்டை மீட்டுத் தரத் துப்புக்கூலி கேட்ட காவலும் உண்டு. கும்பெனியார் அக்காவலைப் பறித்தனர். வரி தண்டும் தாசில்தாரிடமே காவலையும் ஒப்படைத்தனர். வரிக்காகக் குடிமக்கள் வதைக்கப்பட்டதை 1855இல் அவர்கள் அமைத்த விசாரணைக் குழுவே ஒப்புக்கொண்டது. 1859இல் சட்டம் இயற்றிப் புதிய போலீஸ் அமைத்தனர். பழைய காவல்காரரின் வழிவந்தோர்க்கோ 'குற்றப்பரம்பரை' எனும் பட்டம்! தொட்டிலில் கிடந்தவனும் குற்றவாளி! கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கி வெடித்தது. மாண்டவருள் ஒரு பெண்ணும் உண்டு. சென்னை மாகாணத்தில் அச்சட்டம் ஒழிந்தது 1947இல்தான்.

பிறப்பால் வீரன் என்றவனுக்குச் சீருடை. பிறப்பால் திருடன் என்றவனுக்குக் கைரேகைப் பதிவேடு. இரண்டிலும் பிறப்பே தீர்ப்பு எழுதியது. மக்களைக் குழந்தையாக்கிய நூல் இதைக் கேள்வி கேட்டிருக்க முடியுமா?

சேர்வராயன் மலையில் செம்மநத்தத்து உழவன் ஒருவன் மனுவோடு காவல் நிலையப் படியேறுகிறான் என்று கொள்வோம். நரைத்த தலை, பேரப்பிள்ளைகளைக் கண்டவன். அவனைப் பிள்ளையாகப் பார்ப்பவர் 'என்னடா?' என்பார். குடிமகனாகப் பார்ப்பவர் நாற்காலியை நகர்த்தி, 'உட்காருங்கள் ஐயா' என்பார்.