தாள் எப்போது திரும்பி வரும்?

ஒரு கல்லை நேர் மேலே எறிகிறீர்கள். அது உச்சியை அடைந்து கீழே திரும்பும் அந்தக் கணத்தில் அதன் திசைவேகம் சுழி. அப்போது அதன் முடுக்கம் எவ்வளவு?

"அதுவும் சுழிதான்" என்று சொல்லத் தோன்றுகிறதா? வருந்த வேண்டாம். உலகெங்கும் முதலாண்டு மாணவர்கள் பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் உச்சியில் புவியீர்ப்பு ஓய்வெடுத்துக்கொள்வதில்லை. வினாடிக்கு வினாடி 9.8 மீட்டர் என்ற முடுக்கம் அங்கும் கீழ்நோக்கியே இருக்கிறது. அது சுழியாகிவிட்டால் கல் அந்தரத்திலேயே நின்றுவிடும் அல்லவா?

இந்தத் தவற்றைச் செய்வதில் இழுக்கில்லை. அதைச் செய்த மாணவனுக்கு அது தவறென்று எத்தனை நாளில் தெரிய வருகிறது என்பதே என் கேள்வி. ஒரு கல்லூரி தன் மாணவருக்குத் துணை நிற்கிறதா என்பதை இந்த நாள் கணக்கைக்கொண்டே அளந்துவிடலாம் என்று நான் கருதுகிறேன்.

மதுரைக்கு இது பழைய விவகாரம். இயற்பியலறிஞர் கோத்தாரியின் தலைமையில் 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கல்விக் குழு, தகுதியுள்ள கல்லூரிகளுக்குத் தன்னாட்சி வழங்கப் பரிந்துரைத்தது. 1978இல் நாட்டிலேயே முதன்முதலாகத் தன்னாட்சி பெற்ற சில கல்லூரிகளுள் மதுரையின் அமெரிக்கன் கல்லூரியும் லேடி டோக் கல்லூரியும் இருந்தன. அதுவரை பாடம் நடத்துபவர் ஒருவர். வினாத்தாள் அமைப்பவரும் விடைத்தாள் திருத்துபவரும் வேறு எவரோ. மாணவன் எங்கே சறுக்கினான் என்பது அவனுக்குப் பாடம் சொன்னவருக்கே தெரியாது. பாடம் நடத்துபவரே வினாக் கேட்டு, அவரே திருத்தி, பருவம் முடியும் முன்பே பிழையைக் காணலாம் என்பதுதான் தன்னாட்சியும் அகமதிப்பீடும் தந்த வாய்ப்பு. கருத்து என்னவோ அருமையானதுதான்.

இன்று நடப்பது என்ன? மாணவர் வாயில் அது வெறும் 'இன்டர்னல்'. பல கல்லூரிகளில் அதற்கு 25 மதிப்பெண், பருவத் தேர்வுக்கு 75. தேர்வு நடக்கிறது, மதிப்பெண் பதிவாகிறது, கணக்கு முடிகிறது. நான் படித்த கல்லூரியின் பெயர் இங்கே தேவையில்லை. அங்கே செப்டம்பரில் எழுதிய இயற்பியல் தாள் நவம்பரில், பருவத் தேர்வுக்கு இரண்டு நாள் இருக்கும்போது கைக்கு வந்தது. சிவப்பு மையில் ஓர் எண் இருந்தது. ஏன் அந்த எண் என்பதற்கு ஒரு சொல்கூட இல்லை. மருத்துவர் காய்ச்சலை அளந்து, எழுதி வைத்துக்கொண்டு, மருந்து தராமல் அனுப்பியது போலத்தான் அது!

ஆசிரியர் தரப்பிலும் நியாயம் உண்டு. ஒரு வகுப்பில் 60 பேர், இப்படி மூன்று வகுப்பு என்றால் 180 தாள்கள். குறைந்த ஊதியத்தில் ஆண்டுக்கணக்காகக் காத்திருக்கும் கௌரவ விரிவுரையாளரிடம் போய் "இன்றே திருத்துங்கள்" என்று எப்படிச் சொல்வது?

தாளே இல்லாத வழி ஒன்று இருக்கிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்து இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990களின் தொடக்கத்தில் கையாளத் தொடங்கியது அது. மேலே சொன்ன கல் போன்ற ஒரு வினாவை வகுப்பின் நடுவிலேயே கேட்கிறார். ஒவ்வொருவரும் விடையைத் தெரிவு செய்கிறார்கள். பிறகு பக்கத்தில் இருப்பவருடன் வாதாடிவிட்டு மறுபடி தெரிவு செய்கிறார்கள். கருவி எதுவும் வேண்டாம். கை தூக்கினால் போதும். பிழை பிறந்த சில நிமிடங்களில் பிடிபட்டுவிடுகிறது. இவ்வாறு மாணவரை ஈடுபடுத்தும் முறைகளைப் பற்றிய 225 ஆய்வுகளை 2014இல் தொகுத்துப் பார்த்தபோது, விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 34 பேரும், மற்றவற்றில் 22 பேரும் தோற்றிருந்தது தெரிந்தது. அந்தக் கணக்கு நம் ஊருக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் நம் ஊருக்கென்று ஒரு கூடுதல் காரணம் உண்டு. உசிலம்பட்டியிலிருந்தோ மேலூரிலிருந்தோ காலைப் பேருந்தில் வரும் மாணவிக்கு 'முடுக்கம்' நன்றாகத் தெரியும். வகுப்பில் 'அக்ஸலரேஷன்' என்று கேட்டதும் அது ஏதோ புதுப்பொருள் என்று திகைக்கிறாள். எழுந்து கேட்கவோ ஆங்கிலம் தடுக்கிறது. பக்கத்திலிருப்பவளிடம் என்றால் தமிழில், அதுவும் மதுரைத் தமிழில், தயங்காமல் கேட்டுவிடுவாள்.

இவளுக்காக ஆண்டுத் தொடக்கத்தில் சில நாள் 'இணைப்புப் பாடம்' நடத்திவிட்டுக் கடமை முடிந்தது என்று கருதும் வழக்கத்தை என்னால் ஏற்க இயலவில்லை. 'நீ பின்தங்கியவள்' என்ற முத்திரைதான் அதில் முதலில் கிடைக்கிறது. கலிபோர்னியாவின் பெர்க்லியில் யூரி டிரைஸ்மன் என்ற கணித ஆசிரியர் 1970களின் பிற்பகுதியில் இதற்கு நேர்மாறாகச் செய்தார். நுண்கணிதத்தில் தடுமாறிய கறுப்பின மாணவர்கள் தனித்தனியே படிப்பதைக் கண்டார். அவர்களைக் குழுவாக அமர்த்தி, எளிய கணக்குகளை அல்ல, கடினமான கணக்குகளையே கொடுத்தார். அவர்கள் தேர்ச்சி உயர்ந்தது.

கல்லூரியில் சேரப் போகும் மாணவ நண்பரே, கட்டணம் எவ்வளவு, விடுதி உண்டா, பேருந்து எத்தனை மணிக்கு என்றெல்லாம் விசாரிப்பீர்கள். அங்கே முதலாண்டு முடித்த ஒருவரை வாசலில் நிறுத்தி இதையும் கேளுங்கள்: "எழுதிய தாள் எத்தனை நாளில் கைக்கு வரும்? அதில் மதிப்பெண் மட்டும்தான் இருக்குமா?"