டேஜா டூப்: பதிவிறக்கங்களை ஒதுக்கும் காப்புநகல் கருவி

க்னோம் மேசைத்தளத்திற்கான காப்புநகல் கருவிகளில் பரவலாக அறியப்பட்டது டேஜா டூப். இதை உருவாக்கியவர் மைக்கேல் டெர்ரி. கட்டளை வரியில் இயங்கும் டூப்ளிசிட்டி என்ற நிரலுக்கு, கட்டளை அறியாதவரும் கையாளக்கூடிய முகப்பாக இது எழுதப்பட்டது. 2011 அக்டோபரில் வெளியான உபுண்டு 11.10இல் இயல்பாகவே இடம்பெற்றது. எதை, எங்கே, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று சொல்லிவிட்டால் போதும். தொலைந்த கோப்பைக் கோப்பு மேலாளரின் வலச்சொடுக்குப் பட்டியலிலிருந்தே மீட்கும் வசதியும் அப்போது இருந்தது. ஒருங்கிணைப்பு என்ற சொல்லுக்கு உண்மையில் பொருள் கொடுத்தது அந்த வசதிதான்.

இதன் இயல்பிருப்பு அமைவுதான் சிக்கல். பயனரின் முகப்புக் கோப்புறை முழுவதையும் நகலெடுக்கும் இக்கருவி, குப்பைத்தொட்டியையும் 'பதிவிறக்கங்கள்' கோப்புறையையும் விட்டுவிடுகிறது. இணையத்திலிருந்து வந்ததை மீண்டும் இறக்கிக்கொள்ளலாம், வட்டில் இடம் மிச்சம் என்பது இதன் பின்னுள்ள எண்ணம். அகலப்பாட்டை உள்ள நகரவாசிக்கு அது சரி.

ஜவ்வாது மலைக்கு அது பொருந்தாது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், எல்காட் வழங்கிய கணினிகள் விண்டோஸுடன் சி-டாக்கின் பாஸ் லினக்ஸையும் தாங்கி வந்தன. அப்படித்தான் மலைப்பகுதி மாணவர்கள் கைக்கும் லினக்ஸ் எட்டியது. ஆனால் அலைபேசிச் சமிக்ஞையே சீராக இல்லாத ஊர்கள் அங்கு உண்டு. சாதிச் சான்றிதழ், தேர்வு நுழைவுச்சீட்டு, பாடநூல் எதுவானாலும் உலாவி அதைப் பதிவிறக்கங்களில்தான் போடும். மீண்டும் எடுக்க ஜமுனாமரத்தூருக்கோ போளூருக்கோ பேருந்து ஏற வேண்டியிருக்கலாம். புளூடூத்தில் வரும் கோப்புகளையும் க்னோம் அதே கோப்புறையில்தான் சேர்க்கிறது. தோழியின் கைபேசியிலிருந்து வந்த குடும்பப் படத்தை எந்தத் தளத்திலிருந்து மீண்டும் இறக்குவது?

ஒதுக்கப்படும் கோப்புறைகளின் பட்டியல் கண்ணில் படும்படிதான் இருக்கிறது, ஒரு சொடுக்கில் நீக்கவும் முடியும். ஆனால் எளிமைக்காக ஒரு கருவியைத் தேர்ந்தவர் அமைவுகளைத் திறந்து பார்ப்பார் என்று எதிர்பார்ப்பது விந்தை. 'இங்கே மீண்டும் கிடைக்காத கோப்பு ஏதும் உண்டா?' என்று முதல் இயக்கத்திலேயே கேட்டிருக்கலாம்.

சேமிப்பிடத்திலும் இதே நகரப் பார்வை. உபுண்டு 11.10இல் முன்னிறுத்தப்பட்ட உபுண்டு ஒன் மேகச் சேவை 2014இல் மூடப்பட்டது. பின்னர் அந்த இடத்திற்குக் கூகுள் டிரைவ் வந்தது. மலையில் பயன்படக்கூடியது வெளி வன்தட்டுதான். அதை இக்கருவி நன்றாகவே கையாள்கிறது: குறித்த நாளில் வட்டு இல்லையென்றால் காத்திருந்து, செருகியதும் நகலெடுக்கிறது. கடவுச்சொல் மறந்துபோகாதபடி சுமார் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கேட்டுச் சரிபார்ப்பதும் பாராட்டத்தக்கது.

ஆனால் டூப்ளிசிட்டி எழுதும் நகல் சாதாரணக் கோப்புகளாக இராது, துண்டுகளாகக் கட்டப்பட்டிருக்கும். மடிக்கணினி பழுதானால், அந்த வட்டை விண்டோஸ் மட்டும் உள்ள பிரவுசிங் சென்டருக்கு எடுத்துச்சென்று சான்றிதழைத் திறந்து அச்செடுக்க முடியாது.