ஆக் நூலும் நம் பெயர்ப் பட்டியலும்

வரி வரியாக அடுக்கிய கோப்பிலிருந்து வேண்டிய புலத்தை மட்டும் உருவியெடுக்க ‘ஆக்’ அருமையான மொழி. ஏஹோ, வைன்பெர்கர், கெர்னிகன் மூவரும் 1977இல் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியது. அவர்கள் பெயரின் முதலெழுத்துகளே மொழிக்கும் பெயர். 1988இல் மூவரும் எழுதிய ‘தி ஆக் புரோகிராமிங் லேங்குவேஜ்’ இன்றும் நல்ல பாடநூல். வளவளப்பு கிடையாது. எஸ்.பி.எம். கணினி மாணவர் கையில் தயங்காமல் கொடுக்கலாம். ஆனால் அதன் முதல் உதாரணம் நம் ஊருக்கு ஒத்துவராது.

அந்தக் கோப்பில் மூன்று புலங்கள்: பெயர், மணிக்கூலி, வேலை செய்த மணிநேரம். பெத், டேன், கேத்தி, மார்க், மேரி, சூசி என்று ஆறு பேர். எல்லாமே ஒற்றைச் சொல்! இடைவெளி வரும் இடத்திலெல்லாம் ஆக் வெட்டும். அதனால் $1 பெயர், $2 கூலி, $3 மணிநேரம். $3 பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் பெயரையும், கூலியை மணிநேரத்தால் பெருக்கிய தொகையையும் அச்சிடச் சொல்கிறது ஒற்றை வரி நிரல். கேத்திக்குக் கூலி 4.00, மணி 10, விடை 40. சரிதானே?

இப்போது பாசிர் கூடாங் வகுப்பு ஒன்றின் பட்டியலில் இருக்கக்கூடிய பெயரைப் போட்டுப் பாருங்க: ‘கவிதா ஏ/பி சுப்பிரமணியம் 4.00 10’. $2 இப்போது ‘ஏ/பி’, $3 ‘சுப்பிரமணியம்’. $3 எண் இல்லை என்பதால் ஆக் அதைச் சொல்லாகவே பூஜ்யத்தோடு ஒப்பிடும். வரிசையில் எழுத்து இலக்கத்துக்குப் பின்னால் வருவதால் நிபந்தனை தேறிவிடும். பெருக்கும்போதோ இரண்டு சொல்லுக்கும் மதிப்பு பூஜ்யம். கேத்திக்கு 40, கவிதாவுக்கு 0. பிழைச் செய்தி எதுவும் வராது, அதுதான் ஆபத்து. ‘பின்’ போட்ட மலாய்ப் பெயரும், மூன்று சொல் சீனப் பெயரும் இதே கதிதான். சம்பளத்துக்குப் பதில் தேர்வுப் புள்ளி என்று வைத்துப் பாருங்கள்.

மருந்து அந்த நூலிலேயே இருக்கு. புலங்களின் எண்ணிக்கையைச் சொல்லும் ‘என்.எஃப்.’ மாறியைக் கொண்டு கடைசியிலிருந்து எண்ணலாம்: கடைசிப் புலம் மணிநேரம், அதற்கு முந்தியது கூலி. இதைவிட நல்லது, கோப்பை டேப் பிரிப்பானோடு சேமித்து, ஆக்கிடமும் அப்படியே சொல்லிவிடுவது. முதல் உதாரணத்திலேயே இரண்டு சொல் பெயர் ஒன்றை வைத்திருந்தால் மாணவர் இதை அங்கேயே கற்றிருப்பார்.

2023இல் வந்த இரண்டாம் பதிப்பில் ஆறு பேருக்கும் கூலி கூடியிருக்கிறது, பெயர்கள் மட்டும் அப்படியே. ஆனாலும் அந்தப் பதிப்பை வாங்கலாம். அதில் வரும் ‘--சி.எஸ்.வி.’ விருப்பம், மேற்கோள் குறிக்குள் இருக்கும் காற்புள்ளியைப் பிரிப்பானாக எடுத்துக்கொள்ளாது. ‘..., 81700 பாசிர் கூடாங்’ என்று முடியும் முகவரி துண்டாகாமல் வரும். யூ.டி.எஃப்.-8 ஆதரவும் சேர்ந்திருக்கிறது. ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் கெர்னிகனின் பழைய ஆக் பைட்டுகளை எண்ணி 15 என்கும், புதியது 5 என்கும். நம் இலக்கண வகுப்பில் விடை 3. அந்த 3 வரவேண்டுமென்றால் புள்ளியையும் உயிர்மெய்க் குறியையும் எண்ணாமல் விடும் விதியை மாணவரே எழுத வேண்டும்.