ஆரோகணம்: சம்பந்தி வீட்டில் சொல்வதா வேண்டாமா?

திருச்சிப் பக்கம் ஒருத்தர் கொஞ்சம் தாறுமாறாகப் பேசினால் போதும், 'குணசீலத்துக்குக் கூட்டிட்டுப் போங்கப்பா' என்பார்கள். சென்னைக்காரர்களுக்குக் கீழ்ப்பாக்கம் மாதிரி. ஸ்ரீரங்கத்திலிருந்து மேற்கே, சேலம் சாலையில் முசிறிக்கு முன்னால் இருக்கும் பெருமாள் கோயில் அது. மனநிலை சரியில்லாதவர்களை 48 நாள் தங்கவைத்து, உச்சிகாலத்திலும் அர்த்தஜாமத்திலும் முகத்தில் தீர்த்தம் தெளிப்பார்கள். கூடவே அம்மாவோ அண்ணனோ தங்கியிருப்பார்கள். லட்சுமி ராமகிருஷ்ணன் முதன்முதலாக இயக்கிய 'ஆரோகணம்' (2012) சென்னையில் நடக்கிற கதைதான். ஆனால் பார்க்கும்போது எனக்கு அந்தக் கூட இருப்பவர்கள் ஞாபகமாகவே இருந்தது.

நிர்மலா, கணவன் விட்டுட்டுப் போன பெண். காய்கறி விற்று மகனையும் மகளையும் வளர்க்கிறாள். மகளுக்குக் கல்யாணம் கூடிவருகிற நேரத்தில் ஆளைக் காணோம். பிள்ளைகள் தேடத் தேட, அவள் கதை நமக்குத் துண்டு துண்டாகத் தெரியவருகிறது.

இவளுக்கு என்ன என்று வெகுநேரம் சொல்லாமல் வைத்திருப்பதுதான் படத்தின் பலம். ஓயாத உழைப்பு, தூக்கமின்மை, திடீர் உற்சாகம், திடீர்க் கோபம் எல்லாமே வீட்டில் அம்மாவின் சுபாவமாகத்தான் தெரிகிறது. நமக்கும் அப்படித்தான். 'பைபோலார்' என்ற சொல் வந்தபிறகு, மழையில் அவள் ஆடிய ஆட்டத்தை மனசு திரும்ப ஓட்டிப் பார்க்கிறது. அப்போ ரசித்தோமே, அது சந்தோஷமா, நோயா? இரண்டுக்கும் நடுவில் கோடு கிழிக்காமல் நடித்திருக்கிறார் விஜி சந்திரசேகர். 'தில்லு முல்லு'வில் (1981) ரஜினிக்குத் தங்கையாக வந்தவர். இப்படி ஒரு வேஷம் கிடைக்க 31 வருஷம் ஆகியிருக்கிறது. அதைப் பற்றித் தனியாகத்தான் எழுதணும்.

அதே வருஷம் மார்ச்சில் வந்த '3' படத்திலும் இதே நோய்தான். (கொலவெறி பாடிய எத்தனை பேருக்கு அந்தப் படம் எதைப் பற்றியது என்று தெரியும்?) அங்கே கணவன் மனைவியிடமிருந்து மறைக்கிற ரகசியம், பயமுறுத்தும் இசை, கடைசியில் தற்கொலை. 'ஆரோகணம்' அந்த வேலையைச் செய்யவில்லை. இங்கே நோய் அடுப்பங்கரையிலேயே புழங்குகிறது.

குறை கடைசிப் பகுதியில். மருத்துவர் பேச ஆரம்பித்ததும் படம் வகுப்பாகிவிடுகிறது. நோய்க்குப் பெயர் கிடைத்த மாத்திரத்தில் முடிச்சு அவிழ்ந்துவிட்ட மாதிரி ஒரு நிம்மதி. அதற்கப்புறம் வருஷக்கணக்கில் மாத்திரை இருக்கே? லித்தியம் கொடுத்தால் அவ்வப்போது ரத்தப் பரிசோதனை செய்யணும். 'நான் நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு மாத்திரை' என்று ஒருநாள் நிறுத்துவார்கள். அதை யார் கவனிப்பது, கல்யாணமாகிப் போகிற மகளா, மகனா?

இன்னொன்று, சம்பந்தி வீட்டில் சொல்வதா வேண்டாமா? கதைக்குள் கல்யாணத்தைக் கொண்டுவந்தபின் இதுதான் பெரிய வெடி. இயக்குநர் அதைச் சும்மா விட்டுவிட்டார் என்று எனக்குப் படுகிறது. எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு தந்திரம் உண்டு. 'பிரார்த்தனை, குணசீலம் போயிட்டு வந்தோம்' என்று சொல்லிவிடலாம். மனநல மருத்துவரிடம் போனோம் என்று சொல்ல வாய் வராது. இத்தனைக்கும் மாவட்ட மனநலத் திட்டம் 1996-97ல் நாட்டிலேயே முதலில் தொடங்கிய நான்கு மாவட்டங்களில் திருச்சியும் ஒன்று. குணசீலத்திலும், ஏர்வாடியில் 2001ல் 28 பேர் தீயில் செத்ததற்கு அப்புறம், உரிமம் பெற்ற மறுவாழ்வு மையம் வந்துவிட்டது. தீர்த்தத்தோடு மாத்திரையும் உண்டு. ஊருக்குச் சொல்வது மட்டும் தீர்த்தத்தை.

நிர்மலாவின் மகன் மாப்பிள்ளை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அம்மாவுக்கு இன்ன நோய் என்று முதல் வாக்கியத்தைத் தொடங்குகிற ஒரு காட்சி. மருத்துவர் பேசிய நேரத்தில் பாதியை அதற்குக் கொடுத்திருக்கலாம்.