வீட்டில் செய்யும் நாற்றநீக்கியும் விட்டுப்போன கரைப்பானும்

வியர்வை நாற்றத்தைப் போக்கும் திரவத்தை வீட்டிலேயே தயாரிக்கலாம் என்று கூறும் குறிப்புகளை நீங்களும் படித்திருப்பீர்கள். சமையல் சோடா, நறுமண எண்ணெய், கிளிசரின், சிறிது ஸ்பிரிட் ஆகியவற்றைக் கலந்து தெளிப்பானில் ஊற்றினால் போதுமாம். "இதில் ரசாயனமே இல்லை" என்ற உறுதிமொழியும் உடன் வரும். சிக்கனமும் தன்முயற்சியும் பாராட்டத்தக்கவையே. ஆயினும் இக்குறிப்புகளின் அறிவியலைச் சற்று உரைத்துப் பார்ப்போம்.

ரசாயனம் இல்லை என்பது பொருளற்ற பேச்சு. சமையல் சோடா என்பது சோடியம் பைகார்பனேட். இயற்கைக் கல் எனப் புகழப்படும் படிகாரம், பொட்டாசியமும் அலுமினியமும் அடங்கிய சல்ஃபேட். அலுமினியத்துக்கு அஞ்சிக் கடைப்பொருளைத் தவிர்ப்பவர் படிகாரத்தைத் தேய்த்துக்கொள்வது வேடிக்கைதான்!

சுரக்கும்போது வியர்வைக்கு ஏறத்தாழ மணமே இல்லை. அக்குளில் வாழும் பாக்டீரியாக்கள் அதைச் சிதைத்துக் கந்தகச் சேர்மங்களையும் கொழுப்பு அமிலங்களையும் உண்டாக்குவதால்தான் நாற்றம் பிறக்கிறது. சமையல் சோடா அந்த அமிலங்களை நடுநிலையாக்கும் என்பது உண்மை. ஆனால் தோலின் பி.எச். மதிப்பு ஏறக்குறைய 5. சோடாக் கரைசலின் மதிப்போ 8-க்கு மேல். ஒவ்வொரு படியும் பத்து மடங்கு என்பதை நினைவில் கொண்டால், மூன்று படிகள் ஆயிரம் மடங்கு வேறுபாடு ஆகும். சிலருக்குத் தோல் சிவந்து எரிவதில் வியப்பில்லை.

இனி முக்கியமான குறைக்கு வருவோம். நறுமண எண்ணெய் நீரில் கரையாது. குலுக்கினால் சிறிது நேரம் பால்போல் தோன்றி, மீண்டும் பிரிந்துவிடும். தெளிப்பானின் குழாய் அடியிலிருந்து உறிஞ்சுகிறது. எனவே மிதக்கும் எண்ணெயானால் முதலில் வெறும் நீரும் கடைசியில் செறிந்த எண்ணெயும் வெளிவரும். கிராம்பு எண்ணெய் நீரைவிட அடர்த்தி மிக்கது. அடியில் தங்கி முதலிலேயே வந்துவிடும். இரண்டும் தோலைப் புண்ணாக்கக்கூடியவை. இதைத் தவிர்க்கத்தான் தொழிற்சாலைகள் நீரோடும் எண்ணெயோடும் கலக்கும் எத்தில் ஆல்கஹாலைக் கரைப்பானாகச் சேர்க்கின்றன.

குறிப்பு எழுதுபவர் "சிறிது ஸ்பிரிட்" என்கிறாரே, எந்த ஸ்பிரிட்? மரச்சாமான்களுக்கு மெருகிடும் ஸ்பிரிட்டில், குடிப்பதைத் தடுக்கவென்றே மெத்தனால் போன்ற நச்சுப் பொருள்கள் கலக்கப்பட்டிருக்கலாம். மெத்தனால் தோல் வழியாகவும் உடலுள் செல்லும். பார்வை நரம்பைக் கெடுக்கும். மேலும், 70 விழுக்காடு எத்தில் ஆல்கஹாலின் ஆவி சுமார் 17 டிகிரி செல்சியசிலேயே தீப்பற்றக்கூடியது. நம் வீட்டு அறைகள் ஆண்டு முழுவதும் அதைவிட வெப்பமானவை. அந்த ஆவி காற்றைவிடக் கனமாதலால் தரையோடு பரவி விளக்கையோ அடுப்பையோ எட்டிவிடும்.

கிளிசரினின் தரத்தையும் யாரும் கூறுவதில்லை. 1986-இல் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் மருந்தாகக் கொடுக்கப்பட்ட கிளிசரினில் டை-எத்திலீன் கிளைக்கால் கலந்திருந்ததால் 14 நோயாளிகள் இறந்தனர். இரண்டுமே நிறமற்ற, இனிப்பான, பிசுபிசுப்பான திரவங்கள். கண்ணால் பிரித்தறிய இயலாது. அது உட்கொண்ட மருந்து, இது மேலே பூசுவது என்பது மெய். ஆயினும் புட்டியிலுள்ள திரவம் எது என்று அறியாமல் கலப்பது எங்கும் தவறுதான்.

கடைச்சரக்கு குற்றமற்றது என்று கூற வரவில்லை. 2021 நவம்பரில் ப்ராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம், பென்சீன் கலந்திருந்தமையால் தன் வியர்வைத் தடுப்புத் தெளிப்புகள் சிலவற்றை அமெரிக்காவில் திரும்பப் பெற்றது. அங்கே சோதனை இருந்தது, குறை வெளிப்பட்டது. நம் சமையலறையில் அச்சோதனை இல்லை.

சோப்பிட்டுக் குளித்து, அக்குளை ஈரம் போகத் துடைத்து, துவைத்த பருத்தி ஆடை அணிவதற்குக் கரைப்பான் எதுவும் தேவையில்லை. அதற்கு மேலும் ஒரு கலவை செய்ய விரும்பினால், எந்தக் கரைப்பான், என்ன தரம், எவ்வளவு என்ற மூன்று கேள்விகளையும் அக்குறிப்பிடம் கேளுங்கள். விடை இல்லையேல் அதைச் செய்து பார்க்காதீர்கள்.