சட்டம் வந்தது, விதிகள் வரவில்லை

2023 மார்ச் 21 அன்று ராஜஸ்தான் சட்டமன்றம் நலவாழ்வு உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. இந்தியாவில் அப்படிச் செய்த முதல் மாநிலம் அதுதான். அதற்காகப் பல ஆண்டுகள் பாடுபட்டது ஜன் ஸ்வாஸ்த்ய அபியான் என்ற கூட்டமைப்பு. 2018 தேர்தலில் காங்கிரஸ் தந்த வாக்குறுதியைக் கிடப்பில் போடவிடாமல் அது துரத்தியது. தொண்டு நிறுவனங்கள் தனித்தனியாகப் போய் நின்றிருந்தால் அமைச்சர் அறைக்குள்கூட விட்டிருக்கமாட்டார்கள். உரிமையைக் கேட்டு வாங்குவதில் இத்தகைய கூட்டணிகள் கெட்டி. அதற்கான செலவை யார், எப்போது, எப்படித் தருவது என்ற கேள்வியில்தான் சறுக்குகின்றன.

அவசர சிகிச்சைக்கு முன்பணம் கேட்கக்கூடாது என்றது சட்டம். நோயாளியால் கட்டணம் கட்ட முடியாவிட்டால் அரசு ஈடுசெய்யும் என்றும் சொன்னது. எந்த விகிதத்தில், எத்தனை நாளுக்குள் என்பதெல்லாம் பின்னால் வரும் விதிகளுக்கு விடப்பட்டது. இருபது படுக்கையோடு மருத்துவமனை நடத்தும் டாக்டருக்கு அந்த இடைவெளிதான் பயம். தனியார் மருத்துவர்கள் இரண்டு வாரத்துக்கும் மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஏப்ரல் 4 அன்று உடன்பாடு வந்தபோது, ஐம்பது படுக்கைக்குக் குறைந்த தனியார் மருத்துவமனைகளும், அரசிடம் நிலச் சலுகை பெறாதவையும் வரம்புக்கு வெளியே போயின. விபத்தில் அடிபட்டவரை முதலில் கொண்டுபோகும் இடம் பெரும்பாலும் அந்தச் சின்ன மருத்துவமனைதான்!

தனியார் துறை எப்படியும் எதிர்த்திருக்கும், கூட்டணியைக் குறை சொல்வானேன் என்று கேட்கலாம். பெருமருத்துவமனைகளைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் அவர்களோடு சிறிய மருத்துவர்களும் தெருவுக்கு வந்ததால்தான் அரசு இறங்கி வந்தது. பணம் வந்துசேரும் வழியைச் சட்டத்திலேயே எழுதியிருந்தால் அந்த அணியில் ஒரு பகுதியாவது பிரிந்திருக்கும். நிதிக்கணக்கு அரசின் வேலை, இயக்கத்தின் வேலையல்ல என்ற பதிலும் உண்டு. அதில் பாதிதான் நியாயம். கணக்கைப் பேசினால் உறுப்பு அமைப்புகளுக்குள்ளேயே பிளவு வரும், தனியாருக்கு அரசுப் பணமா என்று ஒரு சாரார் கேட்பார்கள். அந்தச் சண்டையைத் தள்ளிப்போட்டுக் காத்த ஒற்றுமை எத்தனை நாளைக்கு உதவும்?

அதே மாநிலத்தில் 2011 அக்டோபர் 2 அன்று தொடங்கிய இலவச மருந்துத் திட்டத்தின் கதை வேறு. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தைப் பார்த்துக் கொள்முதல் கழகம், கிடங்கு, விநியோகம் எல்லாம் முதலிலேயே அமைத்தார்கள். 2013இல் ஆட்சி மாறியும் அது நிற்கவில்லை. நலவாழ்வுச் சட்டத்துக்கோ, 2023 டிசம்பர் ஆட்சி மாற்றத்துக்குப் பிறகும் விதிகள் நீண்ட காலம் எழுதப்படவேயில்லை. மருந்து நிறுத்தப்பட்டால் மறுநாளே கவுன்ட்டரில் கூட்டம் கூச்சல் போடும். எழுதப்படாத விதிக்காகக் கூச்சல் போட அப்படி ஒரு கூட்டம் இல்லை.